திருவிழாக்களும் அவற்றின் எச்சமும்

அறஞ் செய்தார் அவ்வறத்தின் பயனுக்கு உரியராதல் எல்லார்க்கும் ஒப்ப முடிந்தது. பசித்தார்க்கு அன்னமிட்டவரும், பந்தரிட்டுத் தண்ணீர் வார்த்தவரும் புண்ணியம் எய்துவர் என்பதில் எவரும் ஐயுறார். ஆயின், அவ்வறத்தோடு உடனுண்டாகும் எச்சத்துக்கு உரியார் யாவர்? வீதியிலே எறியப்பட்ட குவளையும், வேலியிலே சிக்கிய பொலித்தீன் உறையும், கிணற்றிலே ஊறிச் சேரும் அழுக்குநீரும் யாருடைய கணக்கிலே எழுதப்படும்? இவ்வினாவை வினாவுவார் நம்மவருள் மிகச் சிலர். பயன் செய்தவருக்கு, எச்சம் ஊருக்கு என்று பகுத்துக்கொள்ளும் வழக்கமொன்று நாளடைவிலே வேரூன்றிவிட்டது. இப்பகுப்பு நெறியாமோ என்பதே ஈண்டு ஆராயப் புகுவது. கல்லூரி விழா, கலியாணம், அரசியற் கூட்டம் என்னும் யாவற்றுக்கும் இவ்வினா ஒக்குமாயினும், யாழ்ப்பாணத்துக் கோயில் மகோற்சவங்களையே நாம் எடுத்துக்கொள்வாம். அறத்தின் பெயரால் நிகழ்வனவற்றிலேதான் இவ்வினா கூர்மையாய்த் தைக்கின்றது என்க.

முதற்கண் நாம் வாழும் நிலத்தின் இயல்பை உணர்தல் வேண்டும். யாழ்ப்பாணக் குடாநாட்டிலே வற்றாது ஓடும் ஆறு ஒன்றேனும் இல்லை. ஐப்பசி தொடங்கி மார்கழி ஈறாகப் பெய்யும் மாரிமழையே நமக்குப் பெருமுதல். அம்மழைநீர் மெல்லிய மண்ணினூடு கீழிறங்கிச் சுண்ணாம்புக்கற் பாறையின் வெடிப்புக்களிலே தங்கி, அடியிலுள்ள உப்புநீரின்மேல் ஒரு வில்லைபோல மிதந்து நிற்கின்றது. புத்தூரை அடுத்த நிலாவரைக் கிணற்றிலே மேலே நன்னீரும் ஆழத்தே உப்புநீரும் இருத்தலும், கீரிமலையிலே கடலோரத்தில் நன்னீர் ஊற்றெடுத்தலும் இதற்குச் சான்றாம். மணற்பாங்கான நிலத்திலே நீர் வடிக்கப்பட்டு மெல்ல இறங்கும். வெடிப்புடைய சுண்ணாம்புக்கல்லிலோ ஊற்றிய அழுக்கு ஊற்றியவாறே விரைந்து இறங்கிவிடும். ஒருவன் வளவிலே விட்டது அயலான் கிணற்றிலே எழும். குடாநாட்டுக் கிணறுகள் பலவற்றிலே நைத்திரேற்று அளவுகடந்து காணப்படுதலை ஆராய்ச்சியாளர் பலகாலும் எடுத்துக் காட்டியுள்ளனர். தோட்டத்துக்கு இடும் உரமும் மலகூடக் குழிகளும் அதற்குப் பெருங்காரணங்கள்.

இனி, நம் பெருவிழாக்கள் நிகழும் காலம் யாது? நல்லூர்க் கந்தசுவாமி கோயிற் பெருவிழா 25 நாள் நிகழ்வது. ஆடி அமாவாசை கழிந்தபின் கொடியேறி ஆவணி அமாவாசையிலே தீர்த்தமாடுவது. மாரிக்கு முற்பட்ட வறட்சிக் காலம் அது. கிணறுகளின் நீர் தாழ்ந்திருக்கும் வேளை. ஊர்க் கோயில்கள் பலவற்றின் விழாக்களும் அக்கோடையையொட்டியே வருவன. அத்தகைய வேளையிலே, எக்கோயிலாயினும் ஆகுக, பல்லாயிரவர் கூடுமிடத்தில் அவசரமாகக் குழியொன்று தோண்டிச் சாக்கு மறைப்புக் கட்டி மலகூடமென விட்டுவிடுதல், உள்ளே அபிடேகத்துக்கு நீர் தரும் அந்நிலத்தையே வெளியே கெடுத்தலாம். அடைக்கப்பட்ட தொட்டிகளை அமைத்து, நிரம்பியவற்றை அகற்றுதற்குப் பிரதேச சபையோடு முன்னரே ஒழுங்கு செய்தல் கொடிச்சீலைக்குச் சொல்லிவைத்தலைப்போல முற்படச் செய்ய வேண்டிய கருமம். இதனைப் பேசுதற்கு நாணுவார் உளர். நாணம் பேச்சிலே அன்று, செயலிலே இருத்தல் வேண்டும்.

குவளையின் கணக்கை எடுத்துப் பாருங்கள். ஒரு தண்ணீர்ப்பந்தரிலே நாளொன்றுக்கு 2,000 பேர் சர்க்கரைத் தண்ணீர் அருந்துவர் என்று வைத்துக்கொள்வோம். பாவித்து எறியுங் குவளையிலே வார்த்தால் 25 நாளில் 50,000 குவளை. பத்துப் பந்தர்க்கு ஐந்து இலட்சம். ஒரு குவளை ஒருவர் கையிலே இருப்பது ஒரு நிமிடம். அது மண்ணிலே கிடப்பதோ அவர் பேரர்க்குப் பேரர் காலமளவும். காற்றடித்தால் மதகிலே அடைத்து மாரியில் வெள்ளந் தேக்கும், எரித்தால் நச்சுப்புகையாகும், பசுத் தின்றால் அதன் இரைப்பையிலே கட்டுப்பட்டுச் செரியாது நின்று அதனைக் கொல்லும். பசுவின் சாணத்தாலாய திருநீற்றை நெற்றியிலே தரித்து, அப்பசுவுக்குப் பொலித்தீனை உண்ணக் கொடுக்கும் முரணைச் சொல்லப் புகின் நா எழுகின்றிலது. அம்பாறை மாவட்டத்துப் பள்ளக்காட்டுக் குப்பைமேட்டிலே பிளாத்திக்கைத் தின்று, எட்டாண்டுக்குள் ஏறத்தாழ 20 யானைகள் மாண்டன என 2022ஆம் ஆண்டுத் தொடக்கத்திலே செய்தி வெளியாயிற்று. யானைமுகக் கடவுளை வணங்கியன்றி ஒரு கருமமுந் தொடங்காத நாம், குமண, யால வனங்களினூடு கதிர்காமத்துக்குப் பாதயாத்திரை செல்லும்பொழுது கையிலே கொண்டு செல்வன எவை, திரும்பக் கொண்டு வருவன எவை என்று எண்ணிக்கொள்ளுதல் தகும்.

அரசினர் வாளாவிருந்தாரல்லர். 2017ஆம் ஆண்டு சித்திரைப் புத்தாண்டு நாளிலே கொழும்பையடுத்த மீதொட்டமுல்லையிற் குப்பைமலை சரிந்து 30க்கு மேற்பட்டோர் உயிர் மாய்ந்தனர். அவ்வாண்டு செத்தெம்பர் மாதத்திலே பொலித்தீன் உணவுத்தாளும், றெஜிபோம் உணவுப்பெட்டியும், குப்பையை வெளியிலே எரித்தலும் விலக்கப்பட்டன. சமய விழா முதலிய பொதுவைபவங்களிலே பொலித்தீனால் அலங்கரித்தலும் உடன் விலக்கப்பட்டது. 2023ஆம் ஆண்டு ஒற்றோபர் மாதந் தொடக்கம் பிளாத்திக்குக் குவளை, தட்டு, கரண்டி, உறிஞ்சுகுழாய் முதலியவற்றோடு பிளாத்திக்கு மாலையும் தடையெய்தியது. மாலையைக் கவனிக்க. நாறாத மலரை மாலையென்று சொல்லிப் பந்தரிலே தொங்கவிடுதல் ஆகாதென்று நமக்குச் சொல்லுதற்கு ஒரு வர்த்தமானி வேண்டியிருந்தது! நந்தியாவட்டையும் செவ்வரத்தையும் மாவிலையும் தென்னங்குருத்தும் இந்நாட்டிலே அருகிப்போயினவோ? சட்டம் அஞ்சுவாரைத் தடுக்கும். காவலர் காணாத ஒழுங்கையிலே எறிவாரைத் தடுப்பது அறிவொன்றே. ஆதலின் அறிவின்பாற்பட்ட தடைகளை இனி நோக்குவாம்.

ஒருசாரார், "அன்பினாற் செய்வதற்குக் குற்றமில்லை, கண்ணப்பநாயனார் எச்சிலும் ஊனும் இட்டார், இறைவன் ஏற்றருளினாரன்றோ?" என்பர். அற்றன்று. கண்ணப்பர் தாமே வேட்டையாடித் தாமே சுமந்து சென்றார். ஈற்றிலே கொடுக்க வேண்டி வந்தபொழுது தம் கண்ணையே இடந்து அப்பினார். அன்பின் விலையை அவர் தம்மேல் ஏற்றுக்கொண்டனரேயன்றி, அயலார்மேற் சுமத்தினாரல்லர். ஆயிரக்கணக்கான குவளைகளை வீதியிலே விட்டு வீடு செல்லும் உபயகாரர் கொடுத்தது தம் பணத்தை மாத்திரமன்று. அயலான் கிணற்றையும், வாயில்லாப் பசுவின் வயிற்றையும், கூலியாளின் முதுகையும் அவரவரைக் கேளாமலே எடுத்துக் கொடுத்திருக்கின்றார். தனக்கு உரித்தல்லாததை எடுத்துக் கொடுத்தல் தானத்துள் அடங்குமா, வேறொன்றனுள் அடங்குமா என்பதை அவரே துணிக.

மற்றொருசாரார், "முன்னோர் இவ்வாறெல்லாம் ஆராய்ந்தனரோ? அவரும் உண்ட இலையை எறிந்தனரே" என்பர். எறிந்தனர், மெய்யே. எறிந்த வாழையிலையை மாடு தின்றது. எஞ்சியது தோட்டத்திலே குழையோடு தாழ்க்கப்பட்டு உரமாயிற்று. அன்று எறிந்த கையே இன்றும் எறிகின்றது. கையிலிருக்கும் பொருள் மாறிவிட்டது. பொருள் மாறியபின் பழைய பழக்கத்தை மாத்திரம் பிடித்துக்கொண்டு அதனை மரபென்று வழங்குதல் மரபை அறியாதார் செயல்.

மரபு யாதென அறிய விரும்புவார் மகோற்சவத்தின் கிரியைகளையே நோக்குக. கொடியேற்றத்துக்கு முன்னே மிருத்சங்கிரகணம் என ஒன்று உண்டு. சிவாசாரியர் நிலமகளை வழிபட்டு, அவள்பால் மண் பெற்று வருகின்றார். அம்மண்ணைப் பாலிகைகளிலே இட்டு நவதானியம் விதைத்து முளைப்பித்தல் அங்குரார்ப்பணம். முளை செழித்தல் விழாச் செழித்தலுக்கு அறிகுறி. விழா முடிவது தீர்த்தத்திலே. மண்ணிலே தொடங்கி நீரிலே முடிவதாக ஆகமம் வகுத்த ஒரு விழாவை நடாத்துவார், இடைப்பட்ட நாள்களிலே அம்மண்ணையும் அந்நீரையும் கெடுப்பாராயின், அவர் செய்தது கிரியையின் எழுத்தை வைத்துக்கொண்டு பொருளைக் களைந்தமையாம். இறைவனுக்கு அட்டமூர்த்தம் கூறுவது நம் சமயம். நிலம், நீர், தீ, வளி, வெளி, ஞாயிறு, திங்கள், ஆன்மா என்னும் எட்டும் அவன் திருமேனி. கருவறையிலே பாலும் இளநீரும் சொரியப்படுவதும் அவன் திருமேனி. தெற்கு வீதியிலே எண்ணெய்ப்பசை படிந்த உறைகள் புதையுண்டு கிடப்பதும் அவன் திருமேனியே. ஒன்றை ஓம்பி மற்றொன்றை மாசுபடுத்தும் பூசையை எந்த ஆகமம் விதித்தது?

இன்னுமொரு தடை உண்டு. அதுவே பெரிதும் வழங்குவது. "வரி கொடுக்கின்றோம், மாநகர சபையார் ஆள் விட்டுக் கூட்டுவர்" என்பது அது. திருக்கோயிலைக் கூட்டுதலும் மெழுகுதலும் சரியைத் தொண்டுகளுள் முதற்கண் எண்ணப்படுவன. திருவதிகையிலே திலகவதியார் நாடோறுஞ் செய்த தொண்டு அதுவே. அவர் தம்பியார் திருநாவுக்கரசர் கையிலே தாங்கியது உழவாரம். செங்கோலும் பொன்னும் ஏந்தியாரை நம் தேர்களிலே காணோம். உழவாரம் ஏந்திய திருவுருவத்தைக் கோயில்தோறுங் காண்கின்றோம். அவரைக் கும்பிட்டுவிட்டு, அவர் தொழிலை மாத்திரம் நாட்கூலி பெறும் ஏழைகளுக்கு ஒதுக்கிவிட்டோம். தேர் இருப்புக்கு வந்தபின், பிறர் உண்ட எச்சிலை இரவிலே வாருவார் யாவர், அவர் எவ்வகைக் குடியிலே பிறந்தோர் என்று நோக்கின் வேறொன்றும் புலப்படும். கோயில் வாயில்கள் எல்லார்க்கும் திறவாத காலமும் இந்நாட்டிலே இருந்தது. 1968ஆம் ஆண்டு மாவிட்டபுரத்திலே நிகழ்ந்த ஆலயப்பிரவேசப் போராட்டத்தைக் கண்டார் இன்றும் உளர். வாயில் திறந்துவிட்டது, நன்று. விளக்குமாறு கை மாறிற்றா?

நாம் பயின்ற மிஷன் கல்லூரியிலே, விளையாட்டுப் போட்டி முடிந்த மாலை, வென்ற இல்லத்தாரே மைதானத்தைப் பெருக்கிவிட்டுச் செல்லல் வேண்டும் என்பது விதியாயிருந்தது. தோற்றாரை விடுத்து வென்றாரை ஏவிய அவ்விதியின் நுட்பம் அக்காலத்திலே எமக்குப் புலப்படவில்லை. பாதிரிமார் நம் விழாக்களை இகழ்ந்து எழுதியவற்றை மறுத்தல் நம் கடன். அவர்பாற் காணப்பட்ட நல்லொழுங்கைக் கொள்ளுதலும் நம் கடனேயாம். நாவலரவர்களும் மிஷன் பாடசாலையிலே கற்றவரே. பிற சமயத்தாரை மறுத்த அதே கையினால் 1872ஆம் ஆண்டிலே யாழ்ப்பாணச் சமயநிலையை எழுதி, நம் கோயில்களிலே நிகழ்ந்த சீர்கேடுகளையும் அவர் ஒளியாது கண்டித்தார்.

இனிச் செய்யத்தக்கன யாவை? புதியன தேடி அலைய வேண்டுவதில்லை. மூக்குப்பேணியைக் கண்டார் இன்று அருகி வருகின்றனர். அண்ணாந்து வார்த்துக் குடித்தற்கென்றே மூக்கு வைத்த பேணி அது. வாய் படாமையின் ஒருவர் குடித்தபின் சிறிது நீரால் அலம்பி மற்றவர் குடிக்கலாம். பத்துப் பேணி ஒரு பந்தருக்குப் போதும். திங்களூரிலே அப்பூதியடிகள் நாவுக்கரசர் பெயரால் வைத்த தண்ணீர்ப்பந்தரிலே குவளை மலைபோற் குவிந்ததாக யாரும் எழுதவில்லை. அண்ணாந்து குடிக்க மாட்டாத சிறுவர்க்குத் தகரக் குவளை வைத்துக் கழுவிக்கொடுக்கலாம். "கோடையிலே கழுவுதற்கு நீர் ஏது?" என்பது நல்ல வினா; தள்ளிவிடத் தக்கதன்று. அளவாய்க் கழுவி, அக்கழுநீரைத் தென்னைக்கும் வாழைக்கும் விடுதலே விடை. கூழ் வார்ப்பதாயின் பனையோலைப் பிளா உண்டு. காகிதக் குவளையை நாடி அமைதியடைவார் ஒன்று அறிக: நீர் கசியாதிருத்தற்பொருட்டு அதன் உள்ளே மெல்லிய பிளாத்திக்குப் பூச்சு உண்டு. பெயர் மாறினும் பொருள் முற்றும் மாறிற்றில்லை.

அன்னதானத்துக்கு வாழையிலையும் தாமரையிலையும் உள. தொண்டைமானாற்றுச் செல்வச்சந்நிதியிலே முருகப் பெருமானுக்கு 65 ஆலமிலையிலே அமுது படைப்பர். அன்னதானக் கந்தன் என்று பெயர் பெற்ற பெருமானுக்கே ஆலமிலை போதுமாயின், அடியார்க்கு அதனின் உயர்ந்த தட்டு எதற்கு? அன்றியும், இலையிலே இட்ட சோறு எஞ்சாதிருத்தல் இலையினும் முக்கியம். அயல் மடத்தாரின் அண்டாவைக் காட்டிலும் நம் அண்டா பெரிதாதல் வேண்டும் என்னும் போட்டியினாலே அடுப்பேற்றிய அரிசி, மாலையிலே குழியிற் கொட்டப்படுகின்றது. 1876ஆம் 1877ஆம் ஆண்டுகளிலே பஞ்சம் வந்தபொழுது நாவலரவர்கள் கஞ்சித்தொட்டி வைத்து ஏழைகளைக் காத்த ஊர் இது. எத்துணைப் பேர் வருவர் என்று முன்னரே மதித்து உலையேற்றுதல் ஈகைக் குறைவன்று.

ஒலிபெருக்கியைப்பற்றிச் சில சொற்களே சொல்வாம். இரவு 10 மணி முதற் காலை 6 மணி வரை ஒலிபெருக்கிக்கு அனுமதி வழங்கலாகாதென 2007ஆம் ஆண்டிலே உயர் நீதிமன்றம் கட்டளையிட்டது. பகற்போதிலும், அயலிலே பரீட்சைக்குப் படிக்கும் பிள்ளையும் நோயாளியும் இருத்தலை நினைந்து கோயில் வீதியளவில் ஓசையை அடக்குதல் வேண்டும். நாதசுரமும் தவிலும் தமக்குரிய எல்லையைத் தாமே அறியும். கம்பத்திலே கட்டிய குழல் அறியாது.

பிற தேயத்தார் இத்துறையிலே முற்பட்டுவிட்டனர் என்பதையும் அறிதல் நன்று. 2012ஆம் ஆண்டு இலண்டன் ஒலிம்பிக்கு விழாவையொட்டி, விழா நடத்துவார் கைக்கொள்ளத்தக்க அனைத்துலக நியமமொன்று வகுக்கப்பட்டது. அயலிலே கேரள மக்கள் 2015ஆம் ஆண்டுத் தேசிய விளையாட்டு விழாவை, பாவித்தெறியும் பொருள்களை விலக்கும் ஒழுங்கோடு நடத்தினர். நல்லூரிலே விழாக் காலத்துச் சுற்று வீதிகளிலே வாகனங்களை விலக்கி மணல் பரப்புதலும், நேரந் தவறாது பூசை நிகழ்தலும், ஒழுங்கு நமக்கு இயலாததன்று என்பதைக் காட்டுகின்றன. அம்மணலிலே ஆடவர் அங்கப்பிரதட்டஞ் செய்கின்றனர், பெண்கள் அடியழிக்கின்றனர். விடியற்காலையிலே நேர்த்திக்கடனுக்காக அம்மணலிலே மேனி படிய உருண்டுவரும் ஒருவர் முதுகிலே, முன்னிரவிலே வேறொருவர் எறிந்த தடி குத்துதல் கூடும். எச்சம் யாரைச் சேர்கின்றது என்பதற்கு இதனினும் எளிய எடுத்துக்காட்டு வேண்டா.

செலவு யாரைச் சாரும் என்பது எஞ்சிய வினா. திருவிழா உபயகாரர் தம் நாளுக்குரிய மேளத்துக்கும், சாத்துப்படிக்கும், மின்விளக்குக்கும், வாணத்துக்கும் கணக்கெழுதுகின்றனர். அக்கணக்கிலே கூட்டி அள்ளுதற்கென ஒரு வரி இல்லை. அவ்வரி இல்லாமையினாலேயே அது ஊரார் தலையிலே விழுகின்றது. வறிய உபயகாரர்க்கு இது பாரமாகும் என்பார்க்கு, பேணியும் இலையும் குவளையைப்போல நாடோறும் விலை கொடுத்து வாங்க வேண்டாதன என்பதையும், பேணியைக் கோயிலே ஒருமுறை வாங்கி வைத்து எல்லார்க்கும் உதவலாம் என்பதையும் நினைவூட்டுவாம்.

ஒவ்வொரு கோயிலும் ஆண்டுதோறும் மகோற்சவ விஞ்ஞாபனம் அச்சிடுகின்றது. கொடியேற்றம், மஞ்சம், சப்பறம், தேர், தீர்த்தம், பூங்காவனம், வைரவர் மடை என ஒவ்வொன்றுக்கும் எதிரே உபயகாரர் பெயர் உண்டு. தீர்த்தத்துக்கு அடுத்த நாள், காலை 6 மணி, "திருவீதி அலகிடுதல்" என ஒரு வரி அதிலே சேர்க்கப்படுதல் வேண்டும் என்பது நம் விண்ணப்பம். அதன் எதிரே பெயர் கொடுப்பவர் கூலியாளை அனுப்பாது தம் குடும்பத்தோடு வருதல் வேண்டும். தருமகர்த்தாக்கள் முன்னிற்றல் வேண்டும். அயற் பாடசாலை மாணாக்கரை அழைப்பின், ஆசிரியரும் உடன் குனிதல் வேண்டும். குப்பை தரம்பிரித்து இடுதற்குக் கடகங்கள் நான்கு வீதியிலும் கொடியேற்ற நாள் முதலே வைக்கப்படுதல் வேண்டும். தேருக்கு வடம்பிடிக்க முந்துவார் பலர். இவ்வரிக்குப் பெயர் தருவார் உளரோ என்பதை, வரும் விஞ்ஞாபனம் அச்சுக்குப் போதற்கு முன்னரே அந்தந்த ஊர்ப் பரிபாலன சபையார் கேட்டறிவாராக. ஈர்க்குமாறு கட்டுதற்கு ஆடி மாதமே தொடங்கினாற் போதும்.